முணுமுணு அத்தையின் வாய்

அந்தப் பொம்மையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பானை வயிறு, ஒற்றைப் பின்னல், ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, இடது பக்கம் வழிந்து இறங்குகிற வாய். கார்களின் பின் கண்ணாடியோரம் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடப் பைகளின் ஜிப்பில் தொங்கும். பெயர் முணுமுணு அத்தை. பிள்ளைகள் அதன் வாயைப் பிடித்து இழுத்துச் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாயை நாடா வைத்து அளந்தவள் நான்.

அது யாருடைய வாய் என்று சொல்கிறேன். சொல்ல உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை. தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பொம்மை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

தெருவில் அவளுக்குப் பொம்மைக்காரி என்று பெயர். என்னைவிட ஆறு வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பதினான்கு வருஷம் அவள் வீட்டு முன்னறையில் அவள் தைத்தாள், நான் பஞ்சு அடைத்தேன். ஜன்னலோரம் அவள் மெஷின். மூலையில் பஞ்சு மூட்டை, அதன்மேல் நான். எதிரே ஒரு பழைய பீரோ. அந்த பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி உண்டு, ஆனால் அதில் யாரும் முகம் பார்க்க முடியாது. மேலிருந்து கீழ்வரை தன் தம்பி கிறுக்கிய படங்களை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். வருகிறவர்கள் தம்பிமேல் அவ்வளவு பாசம் என்பார்கள். பாசம் உண்டுதான். வேறு இடமே இல்லாததுபோலக் கண்ணாடியின்மேல் ஒட்டியிருக்கிறாளே என்பதை நான் ஒருத்திதான் கவனித்தேன், அதையும் சிரிப்பதற்காகத்தான் கவனித்தேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது வாயில் தண்ணீர் நிற்காமல் இடது ஓரமாக வழிந்திருக்கிறது. முகத்தின் இடது பாதி செத்துப் போயிருந்தது. தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆகவில்லை. பேசிக்கொண்டிருந்த கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லையாம். எட்டு வயதுத் தம்பி அவளைப் பார்த்துப் பயந்து, அவள் ஊட்டினால் சாப்பிட மாட்டேன் என்று அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டானே, அதுதான் வலித்தது. ஒரு மாதம் அவள் மடியில் அவன் உட்காரவில்லை. பிறகு ஒரு நாள் அவன் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியிருந்த ஒரு ஆறுகால் பூதத்தை எடுத்து, பழைய சாக்ஸில் வெட்டித் தைத்து, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் வைத்து, அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் அவன் பூதத்தைக் கட்டிக்கொண்டு அவளிடம் வந்து, "இன்னொண்ணு வரையட்டுமா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான், அவள் வாழ்க்கை அதோடு முடிவாகிவிட்டது. அவன் வரைவான், அவள் தைப்பாள். அவன் வளர்ந்து, பத்திரிகைக்கு வரைந்து, பிறகு போனில் தினம் ஒரு கிறுக்கல் போட்டு ஊரறிந்த ஆளானான். கல்யாணம் செய்துகொண்டு தனியாகப் போனான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனாலும் அவன் கிறுக்கல்கள் பொம்மையாக வேண்டுமென்றால் அக்காவிடம்தான் வர வேண்டும். அப்படித்தான் அவள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

அந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். எந்தப் பொம்மைக்காரரும் முதலில் அட்டையில் பேட்டர்ன் வெட்டுவார்கள். வயிறு ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு, காது இரண்டு துண்டு என்று வெட்டி எண் போட்டு வைத்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் அதே பொம்மையைத் தைக்கலாம். இவள் அட்டையே வெட்ட மாட்டாள். தட்டைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், சாக்கட்டியை எடுத்து நேரே துணியில் கோடு போடுவாள். கேட்டால் சொல்வாள்:

"அட்டை வெட்டினா வேலை அட்டைக்குப் போயிடும். இப்ப என் கையிலதான இருக்கு? தம்பி எங்க சுத்தினாலும் இங்கதான் வரணும்."

இது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கை மட்டும் பொய் சொல்லாத கை. தம்பி எதையும் முன்பக்கம்தான் வரைவான். பின்பக்கம் அவனுக்குத் தெரியாது, கவலையும் கிடையாது. வால் எங்கே தொடங்குகிறது, முதுகு கூனா நேரா என்பதெல்லாம் இவள் பாடு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை ஊரில் உண்டு. இவள் குரங்கைக் கொடுத்தாலும் பிள்ளையாராக்கி விடுகிறவள். அவன் கோணல்மாணலாக ஒரு நாயைக் கிறுக்கி அனுப்பினால், அது தையலாகி வரும்போது தூக்கிக் கொஞ்சத் தோன்றும்.

வேலை செய்யும்போது வாயின் வலது ஓரத்தில் மூன்று குண்டூசிகளைக் கடித்துக்கொள்வாள். இடது பக்கம் பிடிப்பு கிடையாது. ஊசியைக் கடித்தபடியே பேசுவாள், துணிக்கடைக்காரனைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், பஞ்சைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள். பாதி புரியாது. அதைக் கேட்டுக்கொண்டேதான் தம்பி வளர்ந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் முணுமுணு அத்தையை வரைய ஆரம்பித்தான். எல்லாவற்றோடும் சண்டை போடுகிற, யாருக்கும் புரியாமல் பேசுகிற ஒரு கோணவாய் அத்தை. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவுக்கே தெரிந்துவிட்டது. மளிகைக் கடையில் நின்று போனைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள், நானும் கூட நின்று சிரித்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவளுக்குத் தன் முகமே தெரியவில்லை. அவளும் அந்தக் கிறுக்கல்களைப் பார்த்தாள், எங்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

"யாருடி இவ? என்னை மாதிரியே துணிக்கடைக்காரன்கிட்ட சண்டை போடுறா!"

தம்பியிடம் கேட்டதற்கு, "ஸ்கூல்ல ஒரு டீச்சர் இருந்தாங்கக்கா" என்று சொல்லி வைத்திருந்தான். அவள் நம்பினாள். அவன் சொன்னால் எதையும் நம்புவாள்.

போன வருஷம் ஒரு கம்பெனி அவனிடம் வந்தது. முணுமுணு அத்தை பொம்மையாக வேண்டும், முதலில் ஒரு சாம்பிள் காட்டு என்றது. அவன் அக்காவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு போன் செய்தான்.

"அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். சாம்பிள் சரியா வரலன்னா அவங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க. மத்த பொம்மைங்களும் அவங்க பக்கமே போயிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

அவள் போனை வைத்தாள். வேலை போவது பற்றி அவள் யோசிக்கவில்லை, தையல் தெரிந்தவளுக்கு எங்கேயும் வேலை உண்டு. இந்தப் பொம்மைகள் போய்விட்டால் தம்பி இந்த வீட்டுப் படி ஏற வேறு காரணம் இல்லை. வேலை இருக்கும்போதே எட்டு மாதமாக நேரில் வரவில்லை. அவள் அதைத்தான் யோசித்தாள், வாய்விட்டும் சொன்னாள்:

"இதை மட்டும் நான் விட்டேன்னா அவன் மூஞ்சியை போட்டோலதான் பாக்கணும்."

முதல் சாம்பிள் இரண்டு நாளில் முடிந்தது. அழகாக இருந்தது, அதுதான் தப்பு. வாயை நேராகத் தைத்திருந்தாள். படத்தில் கோணலாக இருக்கிறதே என்றேன். "கிறுக்கும்போது கை வழுக்கியிருக்கும்டி, நான் சரி பண்ணிட்டேன்" என்றாள். படத்தில் வாயின் ஓரத்தில் மூன்று சின்னக் கோடுகள் இருந்தன. அதற்கு நைலான் நூலில் மூன்று மீசை முடி வைத்திருந்தாள். நான் பஞ்சு மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். தன் வாயில் மூன்று ஊசியைக் கடித்துக்கொண்டு அவள் மீசை நட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டோ அனுப்பியதும் தம்பியிடமிருந்து பதில் வந்தது: "வாய் வரலக்கா. அது மீசையும் இல்ல."

"அப்ப அது என்னடா?" என்று போனில் கேட்டாள்.

"சும்மா மூணு கோடுக்கா."

இரண்டாவது சாம்பிளில் வாய் லேசாகச் சிரித்தது. வாய் வரல. மூன்றாவதில் சாய்ந்தது, ஆனால் இரண்டு ஓரமும் ஒரே அளவு. வாய் வரல. நான்காவதில் இடது ஓரம் ஒரு நூல் அளவு இறங்கியது. கிட்ட வந்துட்ட, ஆனா வாய் வரல. அவள் கை தானாகவே நேராக்கியது. கோணலாகக் கோடு போடுவாள், தைக்கும்போது நேராகிவிடும், பிரிப்பாள், திரும்பத் தைப்பாள். இதெல்லாம் அவன் ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம். எது மாதிரி என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. கோழை. வரைவதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஐந்தாவது சாம்பிளுக்கும் அதே பதில் வந்தது. மறுநாள் வெள்ளி. அவள் பொம்மையைத் தூக்கி என் மடியில் எறிந்தாள். ஊசிகளைக் கடித்தபடி பேசினாலும் அன்று ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"எல்லாம் உன்னாலதான். கன்னத்துல ஒரு பக்கம் பஞ்சைத் திணிச்சு வெச்சிருக்க. வாய் எப்படி வரும்? பதினாலு வருஷமா பஞ்சு அடைக்கிற, ஒரு கன்னத்தை ஒழுங்கா அடைக்கத் தெரியல. மூளை இருக்க வேண்டிய எடத்துலயும் பஞ்சுதான்!"

தவளை தன் வாயால் கெடும். என் வாயால் கெட்டது அவள். என் வேலையைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது, அதுவும் கன்னம் அடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எழுந்தேன். பீரோ கதவில் முகம் உயரத்துக்கு ஒட்டியிருந்த படங்களைப் பிய்த்தேன். நாலைந்து படம் டேப்போடு கிழிந்து வந்தது.

"என் பஞ்சைச் சொல்லாத. வாய் வேணும்னா இங்க வந்து பாரு. ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியல. போ, பாத்துத் தையி!"

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த நொடியே சொன்னதைத் திரும்ப விழுங்க வேண்டும்போல் இருந்தது. பிறகு எழுந்து வந்து கண்ணாடியின் முன் நின்றாள். கையில் படம் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். மூன்று. படத்திலிருந்த மூன்று கோடுகள்மேல் அவற்றை வைத்துப் பார்த்தாள்.

அழுதாளா என்று கேட்காதீர்கள். அவள் இடது கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டிருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ம்."

"அவன் பொண்ணுக்கு?"

நான் கீழே விழுந்த படங்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அந்தக் குழந்தை இவளை அத்தை என்றுதான் கூப்பிடும். பொம்மைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவள் இப்போதுதான் யோசிக்கிறாள் என்று புரிந்தது.

"கண்ணாடில பக்கம் மாறித் தெரியும்ல?" என்றாள்.

"என்னக்கா?"

"கண்ணாடியைப் பாத்துத் தெச்சா தப்பாயிடும். நாடாவை எடு. நீ அள."

"அக்கா, வேணாம்க்கா. நான் ஏதோ கோவத்துல..."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அள."

அளந்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூக்கின் நடுவிலிருந்து வலது ஓரம் எவ்வளவு, இடது ஓரம் எவ்வளவு, இடது ஓரம் எவ்வளவு கீழே இறங்குகிறது, பெரிய கண்ணின் அகலம் என்ன, சின்னக் கண்ணின் அகலம் என்ன. பதினான்கு வருஷத்தில் அவள் முகத்தை நான் தொட்டது அன்றுதான். இடது கன்னம் சில்லென்று இருந்தது, நாடா பட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு அளவையும் சத்தமாகச் சொல்லச் சொன்னாள், சாக்கட்டியால் துணியின் உள்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். உள்பக்கம் குறித்தால் இடது வலதாகும், அதையும் மறக்காமல் மாற்றிக் குறித்தாள்.

"சரியா பிடி. நூல் அளவு மாறினாலும் வாய் வரலம்பான்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் பொம்மை முடிந்தது. கை இந்த முறை எதையும் நேராக்கவில்லை. மூன்று மீசை முடிகளுக்குப் பதில் வெள்ளி நூலில் மூன்று ஊசி வைத்தாள். கன்னத்தை நான் அடைத்தேன். பின்பக்கத்தை அவள் வழக்கம்போலத் தானாகவே போட்டுக்கொண்டாள். நேரான முதுகு, இடுப்புவரை தொங்கும் ஒழுங்கான பின்னல், பின்னலின் நுனியில் ஒரு சின்ன நீல ரிப்பன். திருப்பி வைத்துப் பார்த்தால் யாரோ ஒரு லட்சணமான பெண் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. போட்டோ அனுப்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வரிசையாகச் சிரிக்கிற முகங்களோடு பதில் வந்தது: "இதுதான்! இதேதான்! அக்கா நீ ஜீனியஸ்! காலைல நானே வர்றேன்."

அவன் நேரில் வந்தான். வாசலில் கம்பெனிக் கார் நின்றது, டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. அவள் தலை வாரி நல்ல துணி உடுத்தியிருந்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா. எங்க பொம்மை?"

கையில் வாங்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். "அப்படியே இருக்குக்கா! எப்படிப் புடிச்ச?"

"பாத்துத்தான் தெச்சேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பீரோவைப் பார்த்தான். படம் இருந்த இடத்தில் கிழிந்த டேப்பும், கண்ணாடியில் அவன் முகமும் தெரிந்தன. சிரிப்பு அடங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன், அவளும் காத்திருந்தாள். அவன் போனை எடுத்து நேரம் பார்த்தான்.

"பின்னாடி பாக்கலியே?" என்றாள் அவள்.

"பின்னாடி எதுக்குக்கா, முன்பக்கம்தான் எல்லாரும் பாப்பாங்க. சரி, பேட்டர்ன் அட்டையெல்லாம் குடு. கம்பெனில கேட்டாங்க. இனிமே அங்கேயே மெஷின்ல போடப் போறாங்க. பெரிய ஆர்டர், உன்னால தாங்காது. மத்த பொம்மைங்களும் அவங்களே பாத்துப்பாங்க. நீ எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ?"

வாய் வராவிட்டால் வேலை போய்விடும் என்றவன், வாய் வந்ததும் வேலையை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான். முதலிலேயே முடிவான விஷயம். அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சாம்பிள்.

"அட்டை ஏதுடா? நான் எப்ப அட்டை வெட்டியிருக்கேன்?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. அவளுடைய ஒரே ஏற்பாடு அதுதானே.

அவன் யோசிக்கவேயில்லை. "அப்ப இதையே பிரிச்சுட வேண்டியதுதான். துண்டு துண்டாக் குடுத்தா அவங்க அதை வெச்சு அட்டை எடுத்துப்பாங்க." மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்தான்.

"எடுடா கையை!" என்று நான் கத்தினேன். பதினான்கு வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள்தான் எழுந்து வந்து அவன் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள்.

"நீ வெட்டினா கிழிச்சிடுவ. தள்ளு, நான் பிரிக்கிறேன்."

மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். கடைசியாகப் போட்ட தையலை முதலில் பிரிக்க வேண்டும், அது முதுகில் இருந்தது. நேரான முதுகைத் திறந்து பஞ்சை வெளியே எடுத்தாள். நான் அடைத்த கன்னம் என் மடியில் வந்து விழுந்தது. பிறகு கை, கால், பின்னல். ஒவ்வொரு துண்டையும் தட்டையாக விரித்து, ஊசி குத்தி, சாக்கட்டியால் எண் போட்டாள். ஒரு நூல்கூட அறுபடவில்லை. கடைசியில் முகம் மட்டும் மிச்சம் இருந்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நேற்று அவள் உட்கார்ந்து அளவு கொடுத்த அதே ஸ்டூல். சும்மா உட்கார அவனுக்குத் தெரியாது. பையிலிருந்து நோட்டை எடுத்தான், அவளைப் பார்த்தான், கிறுக்கத் தொடங்கினான். நான் எட்டிப் பார்த்தேன். முணுமுணு அத்தை கையில் ஒரு கத்தியோடு உட்கார்ந்து தன்னையே பிரித்துக்கொண்டிருந்தாள். படம் நன்றாகவே வந்திருந்தது, வாய் உட்பட.

அவள் ஊசிகளைக் கடித்தபடி ஏதோ சொன்னாள்.

"என்னக்கா? புரியல" என்றான், தலை நிமிராமல்.

அவள் வாயிலிருந்து மூன்று ஊசியையும் எடுத்துத் துணியில் குத்தினாள். பிரித்த முகத்தை அவன் நோட்டின்மேல் விரித்து வைத்து, வாயின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இந்த ஓரம் கீழ எறங்கணும். அளவு போட்டிருக்கேன் பாரு. அங்க சொல்லிடு. இல்லன்னா அவங்களும் நேராத் தெச்சிடுவாங்க."

"சரிக்கா" என்றான். துண்டுகளை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு காருக்குப் போனான். நான் தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கி மூட்டையில் போட்டேன்.